பனிக்கட்டியின் மேல் நெருப்புக்குப் பாதி பலம்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மரத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை. வாசலில் சாய்த்து வைப்பார்கள். நான் வண்டியோடு போய் எடுத்துக்கொள்வேன். ஏரி உறைந்து இறுகியதும் பனிக்கட்டியில் துளை போட்டு, இக்கரையிலிருந்து அக்கரை வரை அவற்றை வரிசையாக நட்டுவைப்பேன். ஏரியைக் கடக்கிறவர்கள் மரங்களை ஒட்டி நடந்தால் போதும். மரம் நிற்கும் இடத்தில் பனிக்கட்டி ஆளைத் தாங்கும். எங்கள் தேவாலயத்தின் சார்பில் இந்த ஊழியம் பல வருடங்களாக என் கையில் இருக்கிறது. இதுவரை ஒரு நாய்கூட மூழ்கியதில்லை.

நீங்கள் மாடிசன் நகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கம். எம்மெட் கூபியாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மதியம் என் வீட்டுச் சமையலறை மேசையில் ஆடுவோம். கதையாக ஆடும் ஆட்டம். எம்மெட் நெருப்பு மந்திரவாதி. ரொட்டிக் கடை ஜெனெல் தண்ணீர் மந்திரவாதி. அவள் கணவன் லைல் வாள்வீரன். நான் கதையை நடத்துபவன். அரக்கர்கள், அரண்மனைகள், வானிலை எல்லாம் என் பொறுப்பு. யார் என்ன செய்ய நினைத்தாலும் பகடையை உருட்ட வேண்டும். பகடையும் நானும் சேர்ந்து தீர்ப்பு சொல்வோம்.

தீர்ப்பு சொல்கிறவனுக்கு இருக்கும் பெரிய கவலை, சமன். நெருப்பு மந்திரம் ஒரே வீச்சில் ஓர் அறையையே சாம்பலாக்கிவிடும். தண்ணீர் மந்திரம் ஒருவனுடைய காலை நனைத்து அவனைக் கொஞ்சம் மெதுவாக்கும். இரண்டுக்கும் ஒரே உழைப்பு, ஒரே முறை. இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். ஜெனெல் வாரா வாரம் வந்து, பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, எல்லாருக்கும் காபி ஊற்றிவிட்டுப் போவாள். அவளுக்காக என் மனம் வருந்தியது. நான் செய்ததெல்லாம் அந்த வருத்தத்தில் தொடங்கியது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஈஸ்டரிலிருந்து நான் ஓர் உறைபனி ராணியை உருவாக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒரு கோட்டை, ஒரு துயரக் கதை, அவள் பேச வேண்டிய பேச்சு எல்லாம் தயார். உறைந்த ஏரியின் நடுவே சிம்மாசனத்தில் அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறப்பதற்குள் எம்மெட் பகடையை உருட்டினான். ஆறு பகடைகள். எல்லாம் பெரிய எண்கள்.

“யோவ் ராய்ஸ், உன் ராணி மெழுகுவத்தி மாதிரி உருகிட்டாளேய்யா” என்றான்.

“வருஷம் பூரா சமைச்சான், நீ ஒரே வாயில முழுங்கிட்டே” என்று லைல் மேசையைத் தட்டினான்.

“பாவம்டா, அவ ரெண்டு வார்த்தை பேசவாவது விட்டிருக்கலாம்ல” என்றாள் ஜெனெல். ஆனால் அவளும் சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் ஒரு புதிய விதியோடு வந்தேன். பனிக்கட்டியின் மேல் நெருப்புக்குப் பாதி பலம். உருட்டிய எண்ணில் பாதிதான் கணக்கில் வரும். எளிமையான விதி. ஒருவனுடைய மிதமிஞ்சிய பலத்தைக் குறைத்தால் மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். உலகம் அப்படித்தான் நேராகும் என்று நம்புகிறவன் நான்.

எம்மெட் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் இங்கே நாம் உட்கார்ந்திருக்க மாட்டோம். தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வண்டியில் அழுகிற பிள்ளைகளிடம் பேசுவது போலவே எல்லாரிடமும் பேசுவான்.

“நீ சொல்றது சரிதான்யா. ஜெனெலுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா என்கிட்டேர்ந்து புடுங்கி அவளுக்கு என்ன கெடைக்கப் போவுது? அவ தண்ணிக்கு ஏதாச்சும் குடு. அவ மொதல்ல நனைச்சா, நான் சுடும்போது ஆவி கெளம்பும்ல? அந்த ஆவி நம்ம ஆளுங்கள மறைக்கட்டும். விழப் போறவனத் தண்ணியால அவ தாங்கிப் புடிக்கட்டும். அதுக்கு வேணும்னா என் முறையே அவளுக்கு விட்டுத் தர்றேன்.”

அன்றே அப்படி ஆடிப் பார்த்தார்கள். மலை விளிம்பிலிருந்து விழுந்த லைலை ஜெனெல் ஓர் அலையால் தூக்கி நிறுத்தினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, “நான்தாண்டா காப்பாத்தினேன், நல்லாப் பாத்துக்க” என்று கணவன் தலையில் குட்டினாள். என் மேசையில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு எந்த விதி வேண்டும் என்று கை தூக்கினார்கள். என் விதிக்கு என் கை மட்டும்.

கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். நான் ஜெபம் செய்கிறவன். அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு கோப்பை கைக்குள்ளேயே நொறுங்கியது. மெலிசான கண்ணாடி.

ஞாயிறு ஆராதனையில் கட்டுப்போட்ட என் கையை எம்மெட் பார்த்தான். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் என் வாசல் பனி முழுவதும் வாரி ஒதுக்கப்பட்டிருந்தது. பேருந்து எடுக்கப் போவதற்கு முன், இருட்டிலேயே அக்கரையிலிருந்து ஏரியைக் கடந்து வந்து வாரியிருக்கிறான். அந்த வாரம் முழுக்க அப்படியே செய்தான். ஒருவனிடம் கேட்காமல் அவன் வாசலில் நன்மை செய்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய ஆணவம் என்று யாராவது யோசிக்கிறார்களா? அவன் வாரிவிட்ட பாதையில் நடக்கும் ஒவ்வொரு தடவையும் நான் குனிய வேண்டியிருந்தது. சமன் அங்கேயும் இல்லை.

அதனால் வெள்ளிக்கிழமை அவனுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

“நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வாப்பா. மந்திரத்தையெல்லாம் நாம ரெண்டு பேரும் உக்காந்து சரி பண்ணிருவோம்.”

“அப்பாடா. நீ கோவிச்சுக்கிட்டேன்னு நெனச்சு எனக்குத் தூக்கமே வரல. உன் பாதி பலம் விதியையும் எங்கயாச்சும் வெச்சுக்கலாம்யா. ஒரு குகையில, ஒரு தடவை. நல்லாத்தான் இருக்கும். சூப் எடுத்துட்டு வரட்டுமா?”

ஒரு குகையில், ஒரு தடவை. பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போல.

கரை ஏரிக்குள் நீண்டிருக்கும் முனைக்குப் பக்கத்தில் ஏரியின் அடியில் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே எந்தக் குளிரிலும் பனிக்கட்டி தடிப்பதில்லை. மேலே பனி மூடிவிட்டால் வித்தியாசம் தெரியாது. அதைத் தவிர்க்கத்தான் என் பாதை அங்கே வளைந்து போகும். வளைவில் நின்ற மரங்களைப் பிடுங்கி, ஊற்றுப் பக்கமாக நேர்வரிசையில் வைத்து அடியில் பனியைக் குவித்து இறுக்கினேன். யாரையும் நான் தள்ளவில்லை. மரங்களை இடம் மாற்றினேன். அவற்றை அங்கே நட்டதும் நான்தான்.

சனிக்கிழமை பனிக்காற்று அடித்தது. கரை கண்ணுக்குத் தெரியாது; மரத்துக்கு மரம் பார்த்துத்தான் நடக்க முடியும். சூப்பைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அவன் அப்படித்தான் வந்தான்.

பனிக்கட்டி உடைகிற சத்தம் சமையலறைக்கே கேட்டது. கயிறும் ஏணியும் என் கதவருகில்தான் மாட்டியிருக்கும். தேவாலயம் வாங்கிக் கொடுத்தவை. வெளிப்படியில் போய் நின்றேன். அவன் என்ன கத்தினான் என்று கேட்டீர்கள். உதவிக்குக் கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அவன் குரல் காற்றில் தெளிவாகக் கேட்டது. “ராய்ஸ், இந்தப் பக்கம் வந்துராத. மரத்த நம்பாத. ஜெனெலுக்குச் சொல்லு, வர வேணாம்னு சொல்லு.”

அப்போதும் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

நான் நியாயமில்லாதவன் அல்ல. என் மேசையில் யாரும் பகடை உருட்டாமல் செத்ததில்லை. கடைசி வாய்ப்பு என்று ஒன்று எல்லாருக்கும் உண்டு. உள்ளே வந்து இருபது முகப் பகடையை எடுத்தேன். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று முடிவு செய்தேன். உருட்டினேன். பதினெட்டு விழுந்தது.

அவன் நெருப்புக்காரன். நிற்பது பனிக்கட்டியின் மேல். பாதி, ஒன்பது.

பகடையைத் துணியால் துடைத்துப் பையில் போட்டேன். வெளியே சத்தம் நின்றுவிட்டிருந்தது.

லைலும் ஜெனெலும் எம்மெட் இருந்த அக்கரையிலிருந்துதான் வருவார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவசரமாகப் போய் மரங்களைப் பழைய இடங்களில் நட்டேன். ஓரத்தில் சறுக்குவண்டி தனியாக நின்றது. கழியால் இழுத்தேன். கம்பளி சுற்றியிருந்த சூப் இன்னும் சூடாக இருந்தது. உணவை வீணாக்குவது பாவம். அவர்கள் வந்ததும் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தேன்.

“எம்மெட் இன்னும் வரலையா? எப்பவும் முந்திக்கிறவனாச்சே” என்றான் லைல்.

ஜெனெல் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். பிறகு கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். ஊறவைத்த வெள்ளரியும் சோயிக்கீரையும் போட்டு அந்தப் போலந்து சூப்பை இந்த ஏரியைச் சுற்றி ஒருவன்தான் செய்வான். அவனுடைய அம்மா கையால் கற்றது.

“ராய்ஸ், அவன் எங்கே?” என்று கேட்டாள்.

நான் பொய் சொல்வதில்லை. ஏரியைக் காட்டினேன்.

அவள் என்னை அடித்தாள். லைல் பிடித்து இழுத்த பிறகும் அடித்தாள். கன்னத்தில் இருக்கும் காயம் அதனால்தான். அதற்காக அவள்மேல் எந்தப் புகாரும் எழுத வேண்டாம். அவளுக்கு இன்னும் புரியவில்லை. நெருப்பு இல்லாத மேசையில் அவளுடைய தண்ணீர்தான் பெரிய பலம். இனி யாரும் அவளைக் காபி ஊற்ற விட்டுவிட்டு ஆட மாட்டார்கள். இதை எனக்காகச் செய்துகொண்டேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறு.

இந்த அறையில் ஒரு மேசை இருக்கிறது. என் பகடைப் பையைத் திருப்பிக் கொடுத்தால், வருகிற சனிக்கிழமை அவர்கள் இங்கேயே வரலாம். ராணியை மறுபடி எழுப்புகிறேன். அவள் பேச வேண்டியதை முழுக்கப் பேசட்டும்.

வேறென்ன சொல்ல வேண்டும்? காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஜெனெலிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். எம்மெட்டை நான் மன்னித்துவிட்டேன்.