பெட்டி எடுத்த மாப்பிள்ளை

இஸ்மாயில்: ...அதான் மச்சான் கேக்குறேன். இந்தப் பெட்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?

ஜலீல்: எந்தப் பெட்டி?

இஸ்மாயில்: நீங்க உக்காந்திருக்கீங்களே, அது.

ஜலீல்: புஸ்தகம்டா. காலேஜுல பாடம் நடத்த வேணும். இதைக் கேக்கவா பரங்கிப்பேட்டையிலேருந்து சிதம்பரத்துல என் ரூமுக்கு வந்தே?

இஸ்மாயில்: உம்மா அனுப்பிச்சாங்க. வெள்ளிக்கிழமையிலேருந்து சரியா சாப்புடல அவங்க. கையில என்ன, தேச்சுக்கிட்டே இருக்கீங்க?

ஜலீல்: கொசு. மாமிக்கு என்ன, ஒடம்புக்கா?

இஸ்மாயில்: ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஜனம் வர்ற நேரத்துல பெட்டிய வண்டியில ஏத்துனீங்க. தெருவே பாத்துச்சு.

ஜலீல்: பாத்தா என்ன?

இஸ்மாயில்: மச்சான்... நம்ம ஊருல மாப்பிள்ளைங்கிறவன் பொண்ணு வீட்டோட இருக்குறவன். அவன் பெட்டிய வெளிய எடுத்தா என்ன அர்த்தம்?

ஜலீல்: என்ன அர்த்தம்?

இஸ்மாயில்: பொஞ்சாதி வேணாங்குறான்னு அர்த்தம். ரெண்டு பேரு வந்து உம்மாகிட்ட துக்கமே விசாரிச்சுட்டாங்க.

ஜலீல்: யா அல்லாஹ்... ருக்கையாவ நான் வேணாம்னேனா? யாரு சொன்னது?

இஸ்மாயில்: பெட்டி சொல்லுச்சு.

ஜலீல்: எனக்கு ஒண்ணும் புரியலடா.

இஸ்மாயில்: ஆப்பிரிக்காவுல ஏதோ தீவு... அங்க முஸ்லிம் ஜனம் எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு வருஷக்கணக்கா படிக்கிறீங்களே.

ஜலீல்: லாமு. அது வேற விஷயம். அங்க பெரிய குடும்பங்கள்ல வீடு பொண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து அங்க...

இஸ்மாயில்: ம்.

ஜலீல்: அங்கதான் இருப்பான்...

இஸ்மாயில்: சொல்லுங்க.

ஜலீல்: ...நம்ம ஊரு மாதிரி.

இஸ்மாயில்: இத்தன நாள் எங்க வீட்டுல இருந்துக்கிட்டு இப்பத்தான் தெரியுதா? சரி, கப்பலேறிப் போயி அதையும் பாத்துட்டு வாங்க.

ஜலீல்: கப்பலா? கப்பலப் பத்தி உனக்கு யாரு சொன்னா?

இஸ்மாயில்: பேச்சுக்குச் சொன்னேன். எந்தக் கப்பல் மச்சான்?

ஜலீல்: அடுத்த மாசம். பம்பாய்லேருந்து மொம்பாசாவுக்கு, அங்கேருந்து லாமு. மூணு வருஷம் ஆராய்ச்சி, ஸ்காலர்ஷிப் குடுத்திருக்காங்க. கென்யாவுக்குச் சுதந்திரம் வந்து ரெண்டு வருஷந்தான் ஆவுது, இப்ப விட்டா மறுபடி கெடைக்காது. இன்னைக்குச் சாயங்காலம் மெட்ராஸ் வண்டி.

இஸ்மாயில்: ருக்கையா லாத்தாகிட்ட சொல்லல.

ஜலீல்: உங்க லாத்தாகிட்ட எப்படிச் சொல்லுவேன்? உங்க வீட்டுப் பொம்பளைங்க அந்த வீட்ட விட்டு எங்கயும் போயி இருந்ததில்ல. கூட வான்னா அழுவா. போவாதீங்கன்னு அவ சொல்லிட்டா எனக்குக் காலே எழும்பாது. மெட்ராஸ் போயி எழுதிக்கலாம்னு...

இஸ்மாயில்: அப்ப ஊரு பேசுனது பொய்யில்ல.

ஜலீல்: பொய்தான். ...பொய்யான்னு எனக்கே தெரியல. ரயிலேறவும் மனசில்ல, திரும்பவும் மனசில்ல. பைத்தியக்காரனாட்டம் பெட்டி மேல உக்காந்திருக்கேன். அவ... அழுவுறாளா?

இஸ்மாயில்: இப்பத்தான் அவங்களப் பத்திக் கேக்குறீங்க. அழுவல. காலையில பரண்லேருந்து வாப்பாவோட பழைய பெட்டிய எறக்குனாங்க.

ஜலீல்: எதுக்கு?

இஸ்மாயில்: அதான் ஊருக்கே குழப்பம். மாப்பிள்ளை பெட்டி எடுத்தா அர்த்தம் தெரியும். பொண்ணு எடுத்தா? இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லையே.

ஜலீல்: எடுத்துக்கிட்டு எங்கடா போனா?

இஸ்மாயில்: வாசல்ல ஜட்கா நிக்குதே, பாக்கலியா? உள்ள உக்காந்திருக்காங்க. என்னை அனுப்புனது உம்மா இல்ல மச்சான், லாத்தாதான். கடலூருக்குப் பேப்பர் திருத்தப் போறேன்னு போயி கையில அம்மை ஊசித் தழும்போட வந்தீங்களே... வாப்பாவும் பெரியப்பாவும் கப்பலேறுறதுக்கு முன்ன அதே தழும்போட நின்னதப் பாத்து வளந்தவங்க, அவங்களுக்கா தெரியாது? ஒண்ணு உங்க பெட்டி வீட்டுக்குத் திரும்பணுமாம், இல்ல அவங்க பெட்டி ரயில்ல ஏறணுமாம். எதுன்னாலும் நேர்ல வந்து சொல்லச் சொன்னாங்க.