புள்ளிக்கு அப்புறம் அறுபத்தி நாலு

அட, அந்தக் கால்குலேட்டரைக் கொஞ்சம் கீழ வைங்கப்பா! ஒரு குட்டிக் கதை சொல்றேன்... கேட்டுட்டு, கைதட்டுறதா திட்டுறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்ல பொண்ணு பாக்க வந்திருக்காங்க. மாப்பிள்ளை சண்முகவேல், பொண்ணு இசைவாணி. பாத்த உடனே ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு! மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல்லு. அன்னைக்கே தட்டு மாத்திடலாம்னு பேச்சு.

அப்போதான் தரகர் செல்லைப் பாத்துக்கிட்டே சொல்றார்: "பொண்ணு நூத்தி அறுபத்தெட்டு சென்டிமீட்டர், காலேஜ்ல அளந்தது. மாப்பிள்ளை நூத்தி அறுபத்தேழு புள்ளி ஆறு நாலு!"

மாப்பிள்ளையோட அத்தை பேச்சியம்மா துள்ளி எந்திரிச்சாங்க. "என்னது! பொண்ணு ஒசரமா? நம்ம குடும்பத்துல உண்டா இது? எடுங்க தட்டை!"

"அத்தே... புள்ளி மூணு ஆறுதான அத்தே..." மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துருச்சு.

"புள்ளியோ கோலமோ, ஒசரம் ஒசரம்தான்டா! கிளம்புடா!"

போச்சா? கல்யாணம் போச்சா? இருங்க... பொண்ணு உள்ள இருந்து விறுவிறுன்னு வருது. "மாப்பிள்ளையை யார் அளந்தது?"

தரகர் நெளியுறார். "அளக்கவெல்லாம் இல்லம்மா... அஞ்சரை அடி இருப்பான்னு அவங்க அத்தை போன்ல சொன்னாங்க. ஒரு அடிக்கு முப்பது புள்ளி நாலு எட்டு சென்டிமீட்டராச்சே, நான் அதால பெருக்கிட்டேன்."

"அத்தே, நீங்க எப்படி அளந்தீங்க?"

"எப்படின்னா... வாசக்கதவுகிட்ட நின்னான். கண்ணால பாத்தேன்!"

"அஞ்சரையை உங்க கண்ணு பாத்துச்சு, சரி. புள்ளிக்கு அப்புறம் அந்த அறுபத்தி நாலு... அதை எந்தக் கண்ணு பாத்துச்சு அத்தே?"

வீடே கொல்லுனு சிரிச்சிருச்சு! ரெண்டு பேரையும் முதுகோட முதுகு நிக்க வச்சாங்க. மாப்பிள்ளை மூணு விரக்கடை ஒசரம்! உடனே அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "நான்தான் அப்பவே சொன்னேன்ல, எங்க பையன் ஒசரம்னு!" தட்டு மாத்தியாச்சு. மாப்பிள்ளை தரகரைக் கட்டிப் பிடிச்சு ஆடுறான்.

சிரிக்கிறீங்களா? லேப்ல நீங்க பண்றது என்ன? அத்தைக்குத் தெரிஞ்சது அஞ்சு புள்ளி அஞ்சு, ரெண்டே இலக்கம். அதுவும் குத்துமதிப்பு. அதை எதால பெருக்குனாலும் விடையில நம்பலாம்னு இருக்கிறது ரெண்டு இலக்கம்தான். ஒண்ணையும் ஏழையும் மட்டும் நம்பி, ஏறக்குறைய நூத்தி எழுபதுன்னு சொல்லிட்டு, கேசரியைச் சாப்பிட்டுப் போயிருக்கலாம்! நீங்களும் ஸ்கேலை வச்சு ரெண்டு இலக்கம் அளக்குறீங்க, கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டுது, எட்டையும் எழுதுறீங்க. மிச்சம் ஆறும் யாரு பெத்த பிள்ளைங்க?

கண்ணுங்களா, நல்லாக் கேட்டுக்கோங்க... அளந்தவனுக்கே தெரியாததை, பெருக்குனவன் சொல்லக் கூடாது. சொன்னா, நல்லாப் போய்க்கிட்டிருந்த ஒரு கல்யாணமே நின்னுரும்!