பூவுக்கு மேலே உள்ள உத்தரம்

அந்த விரிசல் சுதைப்பூவோடு நின்றுவிட்டதா, உத்தரம்வரை ஏறிவிட்டதா? எனக்குத் தெரியாது. பழைய கட்டடங்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், தெரியாது என்று சொல்லவே இம்மேடை ஏறியிருக்கிறேன். தலைமை தாங்கும் பெரியவர் தங்கராஜ் அவர்களே, மேனாம்பேட்டின் மூத்தோரே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வந்து நிற்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரே இருக்கும் டீ ரூமுக்குள் நிமிர்ந்து கூரையைப் பார்க்காதவர் யார்? சுண்ணாம்பில் சுருண்ட கொடி, கொடியில் கனிந்த கொத்து, நடுவே வண்டிச் சக்கரத்தின் அகலத்தில் ஒரு பூ. அந்தப் பூவின் நெஞ்சில் கொக்கி. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும் கொக்கி. காகித நட்சத்திரம் தொங்கிய வரையில் பூ தாங்கியது. போன டிசம்பரில் இரும்புச் சட்டத்தில் ஆளுயர நட்சத்திரம் செய்தீர்கள். உத்தரத்தில் மாட்ட வேண்டிய பாரத்தைப் பூவில் மாட்டினீர்கள். பூ விரிசல் விட்டது.

"நம்ம ஏரியாவுலயே பெரிய ஸ்டார் மேடம் அது."

ஆமாம் செபாஸ்டியன், அதுதான் தொல்லை.

உத்தரமே பழுது, இடிக்க வேண்டும் என்கிறார் கட்டட உரிமையாளர். நாளை காலை அவருடைய பொறியாளர் வருகிறார். உத்தரம் உறுதி என்று அவர் கண்ணால் கண்டால்தான், இந்த டீ ரூமை நடத்தி வாழும் ஆக்னஸ் அக்காவுக்குக் கடை மிஞ்சும். உத்தரத்தை மறைத்திருப்பது எது? பூ.

"அப்போ பூவ ஒடைக்கச் சொல்றியாம்மா? அதக் காப்பாத்தத்தானே உன்ன இட்டாந்தோம்?"

உடைக்கத்தான் சொல்கிறேன், முனியம்மா அக்கா. பூவுக்காகவா இங்கே வந்தோம்? பூவுக்காகவா ஷிப்ட் முடித்து அலுத்தவர்கள் அமர்ந்தார்கள்? பூவுக்காகவா பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டாம் டீ கேட்டார்கள்? பூவின் கீழே உட்கார இடம் இருந்தது, வந்தோம். இடம் இருந்தால் இன்னொரு பூ இழைக்கலாம். இடம் இடிந்தால் பூவை எங்கே வைப்பது, உங்கள் வீட்டிலா?

"எங்க ஊட்ல எனக்கே எடம் இல்ல."

உடைத்த பின் உத்தரம் உளுத்திருந்தால் பூவும் போகும், அறையும் போகும். இதை மறைத்துக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் ஆக்னஸ் அக்கா.

"ஒடைங்க. ஆனா மொத அடி நாந்தான் அடிப்பேன்."

துணிவு அவருடையது. என்னிடம் இருப்பது ஊகம் மட்டுமே. கேட்ட காதுகளுக்கும் குறுக்கே கேட்ட வாய்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.

மறுநாள் நடந்தது இது: ஆக்னஸ் அக்கா உளியை வைத்து ஒரே அடி அடித்தார். பூ துண்டு துண்டாக விழுந்தது. பொறியாளர் ஏணியில் ஏறி உத்தரத்தை ஆணியால் குத்தினார். ஆணி இறங்கவில்லை. இடிப்பு நின்றது. மாலையில் கடை திறந்ததும் முனியம்மா அக்கா நடுமேசையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

"மொட்டையா கீது" என்றார். பிறகு இன்னொரு டீ கேட்டார்.