வழி கேட்டவரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஞானதாசன் சாருக்கு

முக்கடல் முழங்கும் முனைக்கு அருகே, மலையும் மரமும் மழையும் மணக்கும் இம்மண்ணில் வந்துதித்த அணையா விளக்கே! அறிவு வட்டத்தின் மையமே! நேர்கோடாய் நடந்து நிமிர்ந்து நின்ற நெறியே! கோணலைக் கோணமாக்கிய கொற்றவரே! கூட்டினும் கழிப்பினும் குறையாத குணக்குன்றே! ஞானதாசன் ஐயா அவர்களே! ஈரேழு உலகமும் எண்ணி மாளாத தங்கள் பெருமையை எண்ணி எண்ணி வணங்குகிறோம்!

தாங்கள் ஓய்வு பெறும் இந்த விழாவில், இனி நடந்ததைச் சொல்வோம்.

தங்கள் வரவால் நமது பள்ளியில் ஆங்கிலம் வளர்ந்தது என்று எழுதத்தான் எங்களுக்கு ஆசை. வளர்ந்தது தேர்ச்சி விகிதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு நூறு மதிப்பெண். கரையேற முப்பத்தைந்து போதும். அந்த முப்பத்தைந்து வினாத்தாளில் எந்தெந்த மூலையில் பதுங்கிக் கிடக்கும் என்று தங்களைப்போல் மோப்பம் பிடித்தவர் திருவட்டாறு வட்டாரத்தில் வேறு எவருமில்லை.

தாங்கள் அருளிய பொதுக் கடிதத்தை மறப்போமா! தம்பிக்கு அறிவுரையோ, பத்திரிகைக்குச் சாலைப் பள்ளம் பற்றிய முறையீடோ, புத்தகக் கடைக்கு ஆர்டரோ, எது கேட்டாலும் உள்ளே ஒரே கடிதம்தான். "மேல உள்ள பேர மட்டும் மாத்து மக்கா, உள்ள கைய வைக்காத" என்பது தங்கள் திருவாக்கு. வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்விக்கும் அதே சிக்கனம். நேரே போ, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் ஆஸ்பத்திரி. வழி கேட்டவர் வங்கிக்குப் போகிறவரா, தபால் நிலையத்துக்குப் போகிறவரா என்று நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. எல்லாரையும் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்கள். விடை திருத்தியவர்களும் இரக்கப்பட்டு இரண்டு மதிப்பெண்ணில் ஒன்றைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி என்னும் ஃபிளெக்ஸ் நம் பள்ளி வாசலில் இறங்காமல் தொங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை அதில் ஆண்டை மட்டும் ஒட்டினோம்.

அந்த ஃபிளெக்ஸுக்குத்தான் போன அரையாண்டுத் தேர்வில் ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் சுபிதா, பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் அவள் வாங்கியது பதினொன்று. தலைமையாசிரியை ராஜபாய் டீச்சர் இப்போது மேடையில் அமர்ந்திருப்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அவளைப் பள்ளியிலிருந்து விடுவித்துத் தனித்தேர்வராக எழுத வைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கருத்து எழுந்தது. எங்கள் எல்லாருக்கும் அது நல்ல கருத்தாகவே பட்டது.

சுபிதாவின் தாய் சொர்ணம்மாள் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். சேதி கேட்டு, கொட்டைப் பால் கறையேறிய கையோடு நேரே கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்த விட்டா இவளும் எங்கூட அண்டி தல்லத்தான் வரணும் சாரே. எழுதித் தோத்தா நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எழுதவே விடலண்ணா கேப்பேன், ரோட்டுல நிண்ணு கேப்பேன்."

தாங்கள் எழுந்து, "அவ எழுதட்டு டீச்சர். ஃபிளெக்ஸ நானே ஏணி வச்சு அவுத்துக்கிடுதேன்" என்றீர்கள். ஓய்வு பெற ஐந்து மாதமே இருந்த ஒருவர் இப்படிப் பேசியது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

மாலை வகுப்பு தொடங்கியது. சுபிதாவுக்கு மனப்பாடம் வராதது மட்டும் குறையில்லை. அவளுக்குக் கேள்வியும் வந்தது. பொதுக் கடிதத்தைக் கொடுத்தால், "சார், இது யாருக்கு?" என்றாள்.

"யாருக்கா இருந்தா உனக்கென்னட்டி? பேர மாத்துனா போதும்."

"ஆளு யாருண்ணு தெரியாம எப்பிடி சார் எழுத? நலமாண்ணு வேற கேட்டிருக்கு."

இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டில் எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. தாங்கள் திரும்பிக் கரும்பலகையை அழித்ததை ஜன்னல் வழியே கண்டோம். மறுநாளிலிருந்து அவள் தாய்க்கும், கடைக்காரருக்கும், பஸ் நிற்காமல் போனதற்காகப் போக்குவரத்து அதிகாரிக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். எல்லாம் பிழை, ஆனால் எல்லாம் அவளுடையவை.

இடமும் வலமும் அவளுக்குத் தாளில் பிடிபடவில்லை என்று ஒரு சனிக்கிழமை காலை திருவட்டாறு சந்திப்புக்கே அழைத்துப் போனீர்கள். தாங்கள் வழி தெரியாதவராக நிற்க, அவள் வழி சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தால் தாங்கள் கேட்டது ஆஸ்பத்திரி. சித்திரை வெயில் கொஞ்சம் முந்தியே வந்திருந்தது. நெற்றியில் வியர்வை வேறு. "த ஹாஸ்பிடல் இஸ் ஆன் யுவர் ரைட், சார்!" என்று சுபிதா உரக்கச் சொன்னது, ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர் ஜெபிஷின் காதில் விழுந்தது. ஜெபிஷ் தங்கள் பழைய மாணவர்.

"என்ன சாரே, நெஞ்சு வலியா? பேசாதீங்க! ஏட்டி, சாருக்க பைய எடுத்துட்டுக் கேறு!"

"எனக்கு ஒண்ணுமில்ல, விடுலே!"

"நெஞ்சு வலிக்காரன் எல்லாவனும் இதத்தான் சார் சொல்லுவான்."

ஆட்டோ நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. இறங்க வழியில்லை என்று தெரிந்ததும் தாங்கள் சுபிதாவிடம், "சும்மா இருக்காத, வளைவு வளைவா சொல்லு" என்றீர்கள். அவள் சொன்னாள். சாலை திரும்பத் திரும்ப, லெஃப்டும் ரைட்டும் அவள் உடம்பில் ஏறின. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். இரத்தத்தில் சர்க்கரை இருந்தது.

பொதுத்தேர்வில் வழி கேட்டவர் நூலகத்துக்குப் போக வேண்டியவர். சுபிதா அவரை நூலகத்திலேயே கொண்டு விட்டாள். மற்ற பிள்ளைகள் வழக்கம்போல் ஆஸ்பத்திரியில். சுபிதாவுக்கு நாற்பத்தொன்று. இந்த ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறாள். ஃபிளெக்ஸ் இறங்கவில்லை, ஏணியும் தேவைப்படவில்லை.

மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அன்று, அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்திருந்த இந்த வாழ்த்து மடல் அலுவலக மேசையில் கிடந்தது. சுபிதா மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"டீச்சர், இது யாருக்கு?"

"ஞானதாசன் சாருக்குத்தான். ஏன்?"

"இதுல நான் இல்ல, ஆட்டோ இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. இங்கிலீஷே இல்லியே!"

அன்றே உட்கார்ந்து, முதல் பத்தி தவிர மற்ற பத்திகளை எடுத்துவிட்டுத் தாங்கள் இதுவரை கேட்டவற்றை எழுதினோம்.

ஐயா! விருந்தில் பாயசம் தங்கள் இலைக்கு வராது, மன்னியுங்கள். சர்க்கரை அடங்கி, கால் வலி ஒதுங்கி, காலை நடையும் கண் நிறைந்த உறக்கமும் வாய்த்து, பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் புதிது புதிதாய்ப் பதில் சொல்லிப் பல்லாண்டு இருப்பீர்களாக! வழி கேட்டு வருகிறவர் எவரானாலும், அவர் போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேரட்டும்!

அன்புடன்,
பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்

பின்குறிப்பு: முதல் பத்தி பொன்னெழுத்தில் அச்சேறிவிட்டதால் அதை மாற்ற அச்சகத்தார் சம்மதிக்கவில்லை. அது போன ஆண்டு ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் யோவான் அவர்களுக்கு எழுதியது. பெயரை மட்டும் மாற்றியிருந்தோம்.