ரதியின் மீசை

யட்டியாந்தோட்டை பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது. விழவில்லை, நான்தான் கழுத்தை நீட்டிப் பிடித்தேன்.

"ரப்பர் ஷீட்ட நான் களவெடுத்தேன்னு நாளைக்கு வேலைய விட்டே நிப்பாட்டப் போறாங்க புள்ள."

"ஒங்களுக்கு ஒரு அலிபை இருந்தா போதும் மாமா," என்றாள், மடியில் சட்டப் புத்தகம் வைத்திருந்த பெண்.

"அப்படின்னா?"

"லத்தீன் சொல்லு. எழுத்தப் பாத்தா அலிபின்னு வாசிக்கத் தோணும், இங்கிலீஷ்ல சொல்றது அலிபை. 'வேற எடத்துல'ன்னு அர்த்தம். களவு போன நேரம் நீங்க வேற எடத்துல இருந்தீங்கன்னு காட்டணும்."

"இருந்தேனே! காமன் கூத்துல ரதி வேஷம் கட்டி ஆடுனேன். தோட்டமே பாத்துச்சு."

"பெறகென்ன? அவங்களே சாட்சி சொல்லட்டும்."

"கேட்டேன். எல்லாரும் ரதியத்தான் பாத்தாங்களாம். அந்தச் சேலைக்கும் பவுடருக்கும் உள்ள இருந்தது நான்தான்னு சத்தியம் பண்ண மாட்டாங்களாம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"மாமா, ஒங்க மீசை எங்க?"

"ரதிக்கு யாரு மீசை வச்சா? ஆட்டத்துக்குத்தானே வழிச்சேன்!"

"தோட்டத்துல வேற எந்த ஆம்பளை வழிச்சிருக்காரு?"

அவர் மெல்ல மேலுதட்டைத் தடவிச் சிரித்தார். "அப்ப நாளைக்கு வரைக்கும் இது வளரக்கூடாது!"

நானும் என் உதட்டைத் தடவிப் பார்த்தேன். மீசை இருந்தது. இறங்க வேண்டிய இடம்தான் எப்போதோ போய்விட்டிருந்தது.