லண்டனுக்குப் புது ஆள்

பாலேந்திரா: ...அதுதான் சொல்லுறன், எஸ்கலேற்றரில எப்பவும் வலப்பக்கம் நில்லுங்கோ. இடப்பக்கம் ஓடுற ஆக்களுக்கு. மறிச்சியளெண்டா பின்னால ஒருத்தர் “சொறி” எண்டுவார். அது மன்னிப்பில்லை, ஏச்சு.

தவநாயகி: ஏசுறதுக்கும் சொறியோ!

பாலேந்திரா: பிறகு, ரெயினுக்குள்ள ஆரின்ர முகத்தையும் பாக்கக்கூடாது. பேப்பரைப் பாருங்கோ. பேப்பர் இல்லாட்டி பக்கத்து ஆளின்ர பேப்பரை...

தவநாயகி: அது மட்டும் பரவாயில்லையோ?

பாலேந்திரா: தலை திருப்பாமல் வாசிச்சால் பரவாயில்லை. நாள் முழுக்கப் போற ட்ராவல்காட் ரிக்கெற்றைக் காலமை ஒன்பதரைக்குப் பிறகு எடுங்கோ, மலிவு. குடை... வெய்யில் எறிச்சால்தான் கட்டாயம்.

தவநாயகி: நீங்கள் அமைதியான ஆள் எண்டல்லோ கனகாம்பிகை மாமி சொன்னவா?

பாலேந்திரா: கலியாணம் பேசேக்க மாமி அப்பிடித்தான். உங்களைப் பற்றியும் சொன்னவா. பாரிஸில இருந்து போன கிழமைதான் வந்தவ, லண்டன் ஒண்டும் தெரியாது, சுத்திக்காட்டு, பின்னேரம் ஸ்ட்ரெதத்தில இருக்கிற தன்ர வீட்டுக்குக் கூட்டிவா, தேத்தண்ணி குடிக்கேக்க பிள்ளை முடிவு சொல்லும் எண்டு.

தவநாயகி: ம்... சொல்லத்தான் வேணும்.

பாலேந்திரா: பயமாக்கிடக்கு.

தவநாயகி: எஸ்கலேற்றருக்கோ?

பாலேந்திரா: தேத்தண்ணிக்கு.

தவநாயகி: சிரிப்புக் காட்டாதேங்கோ. இந்த பஸ் நேரே ஸ்ட்ரெதம் போகுமோ?

பாலேந்திரா: ஓம், ஓம். மேல்தட்டு, முன் சீற்... லண்டன் பாக்க இதைவிட இடமில்லை. தவநாயகி, ஒண்டு கேக்கட்டோ?

தவநாயகி: கேளுங்கோ.

பாலேந்திரா: காலமை பாதாள ரெயினுக்கு நிக்கேக்க, நீங்கள் பிளாற்போமின்ர அந்தக் கடைசி முனைக்கு விறுவிறெண்டு நடந்தியள். இறங்கேக்க பாத்தால் எங்கட கதவுக்கு நேரே வெளிவாசல்.

தவநாயகி: அது... தற்செயல்.

பாலேந்திரா: ரெயின் மாறேக்கயும் அப்பிடித்தான். எந்தப் பெட்டி எந்த வாசலுக்குக் கிட்ட எண்டு போன கிழமை வந்த ஆளுக்குத் தெரியாது. தினம் வேலைக்கு ஓடின காலுக்குத்தான் தெரியும்.

தவநாயகி: ...சரி. நாலு வருசமா இங்க லண்டனில, சவுத்தாலில இருக்கிறன். மாமியைப் பொய் சொல்ல வைச்சதும் நான்தான். கோவமோ?

பாலேந்திரா: கோவமில்லை. ஏனெண்டுதான்...

தவநாயகி: என்ர அக்காவின்ர மனுசன், கலியாணம் பேசேக்க தங்கமான ஆள். அவ இங்க வந்து வழி தெரியாமல் முழிக்கேக்கதான் அவற்ற வாய் தெரிஞ்சது. “இதுகூடத் தெரியாதோ?” ஆக்களுக்கு முன்னால. இண்டைக்கும் அவ தனியா பஸ் ஏறமாட்டா.

பாலேந்திரா: அதுக்காகத்தான் இந்தச் சோதனையோ?

தவநாயகி: அதுதான், ஒண்டும் தெரியாத ஆளோட நீங்கள் எப்பிடி எண்டு பாக்கவேணும் போல கிடந்தது. காலமை ஸ்ரேசனுக்குள்ள போகேக்க, கேற்றடியில வேணுமெண்டுதான் ரிக்கெற்றைத் தேடிக்கொண்டு நிண்டனான். பின்னுக்கு ஒரே சனம். நீங்கள் என்ன சொன்னியள், ஞாபகமோ?

பாலேந்திரா: என்ன சொன்னனான்?

தவநாயகி: “ஆறுதலாத் தேடுங்கோ, நானும் தினம் இப்பிடித்தான்” எண்டியள்.

பாலேந்திரா: அது உண்மை... அப்ப நானும் ஒண்டு சொல்லவேணும். நீங்கள் புது ஆளில்லை எண்டு எனக்குக் காலமையே விளங்கீட்டுது.

தவநாயகி: பிறகேன் இவ்வளவு விளக்கம்!

பாலேந்திரா: நிப்பாட்டினால் வேற என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லை. இன்னொண்டும்... விக்ரோறியா ஸ்ரேசனில ரெயின் எடுத்திருந்தால் இப்ப மாமி வீட்டில நிப்பம். பஸ் சரியான சுத்து. வேணுமெண்டுதான் ஏத்தினனான்.

தவநாயகி: அது ஏறேக்கயே தெரியும். ஏன் ஓடிவந்து முன் சீற்றைப் பிடிச்சனான் எண்டு நினைக்கிறியள்?