முழுக் கட்டிடத்தையும் ஓட்டிப் பாருங்க

இல்ல மேடம், அந்த நாற்காலி வேணாம். அங்க உக்காந்தா சர்வரோட சூட்டுக் காத்து நேரா முதுகுல அடிக்கும். இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. கொஞ்சம் சத்தமாத்தான் பேசணும், நாலு பெட்டியும் ஓடிட்டிருக்கு. ஆமா, பழசுதான். இதுல மறைக்க என்ன இருக்கு? ஏதோ ஒரு பேங்க்ல கழிச்சுக் கட்டினப்போ எங்கப்பா வாங்கிப் போட்டது.

எதிர் மாடியில எங்கண்ணன் ஆபீஸ்லேருந்து நேரா இங்க வர்றீங்க, இல்லையா? அங்க ஏசி, கண்ணாடிக் கதவு, எல்லாம் புத்தம் புது டெஸ்க்டாப்பு, பெட்டிக்குள்ள கலர் கலரா லைட்டு வேற. தங்கச்சிகிட்ட இருக்கறது வெறும் பழைய இரும்புன்னு சொல்லியிருப்பாரே. சொன்னாரா? ம். சொல்லாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்.

அப்பா போனப்புறம் பாகம் பிரிச்சாங்க மேடம். கம்பெனி பேரு, கஸ்டமருங்க, புது மெஷின் அத்தனையும் அண்ணனுக்கு. எனக்கு இந்த நாலு பெட்டி. எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா வீட்ல இரும்மான்னு ஒரு அட்வைஸ் வேற. நான் போடல. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வித்து அட்வான்ஸ் குடுத்து இந்த ரூமைப் பிடிச்சேன். அவரு ஜன்னலத் திறந்தா என் ஜன்னல் தெரியணும்னு வேணும்னேதான் இங்க பிடிச்சேன்.

அந்த டெஸ்ட்டா? தோத்துட்டேன், அதை நானே ஒத்துக்கறேன். நீங்க கட்டப்போற ஆஸ்பத்திரியில ஒரு ரூமோட வரைபடத்தை எங்க ரெண்டு பேருக்கும் அனுப்பினீங்க. யாரு சீக்கிரம் வீடியோவா ஆக்கித் தர்றாங்கன்னு பார்த்தீங்க. அவரு டீ ஆறறதுக்குள்ள முடிச்சுட்டாரு. நான் அனுப்பறப்போ நீங்க வீட்டுக்கே போயிட்டீங்க. சரி, ஆனா அது எந்த ரூமு? பாத்ரூமு. ஒரு வாஷ் பேசின், ஒரு கண்ணாடி, நாலு சுவரு.

கோவிச்சுக்காதீங்க. இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதான் இது. சின்னதா ஒண்ணைக் குடுத்து ஓட்டிப் பார்த்துட்டு, அதையே பெருக்கிப் பெருக்கிக் கணக்குப் போட்டுக்குவாங்க. அப்படிப் பெருக்க முடியாது மேடம்.

எப்படிச் சொல்றது... ஒரு சமையல்கட்டுன்னு வச்சுக்கங்களேன். அண்ணனோட புது பிராசசர்ல காய் நறுக்கறவங்க கொஞ்சம் பேருதான், ஆனா கத்தி பறக்கும். என் சர்வர்ல நிறைய பேரு, எல்லாம் நிதானமான ஆளுங்க. ஒத்தைக்கு ஒத்தை விட்டா என் ஆளு கிட்டயே நிக்க முடியாது. மொத்தமாச் சேர்த்துப் பார்த்தாக்கூட அவரு பெட்டி என் பெட்டிக்குச் சரிக்குச் சரி வந்துடும், அதுவும் கரண்டைக் கம்மியாக் குடிச்சுட்டு. பாருங்க, அவரு சொல்லாததையும் சேர்த்து நானே சொல்லிட்டேன்.

ஆனா நறுக்கினதை வைக்க மேடை வேணுமே? அதுதான் மெமரி. அவரு வாங்கியிருக்கற மாடல்ல மேடை சின்னது. அதுக்கு மேல பொருத்த போர்டுல இடமும் கிடையாது. இந்தப் பெட்டியத் திறந்து காட்டட்டுமா? பாருங்க, இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, அத்தனையும் மெமரி. பாத்ரூமுக்கு இவ்வளவு வேணாந்தான். முழு ஆஸ்பத்திரின்னா? எல்லா மாடியும், கட்டிலும், லைட்டும், வாசல்ல நிக்கற மரத்தோட இலை மொதக்கொண்டு ஒரே நேரத்துல உள்ள இருக்கணும். மேடை பத்தலேன்னா ஒவ்வொரு காயா எடுக்க ஸ்டோர் ரூமுக்கு நடையா நடக்கணும். அப்புறம் கத்தி பறந்து என்ன பிரயோசனம்? பாதியில படுத்துடும்.

அனுதாபத்துக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. இந்த வேலை கிடைக்கலேன்னா இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணணும். வேலை தெரியாமயா? என் பேருக்குன்னு நேரா ஒருத்தரும் வேலை குடுத்ததில்ல, அவ்வளவுதான். நீங்கதான் மாடி ஏறி வந்த முதல் ஆளு. அதனால பாத்ரூமை விட்டுட்டு முழுக் கட்டிடத்தையும் குடுங்க, ரெண்டு பேரும் ஓட்டறோம்னு கேக்கறேன். அப்போ தோத்தா நானே இந்தப் பெட்டிங்களை எடைக்குப் போடறேன்.

என்னது? முழுக் கட்டிடமும் பண்ணியிருக்காரா? எது, அந்த விமான நிலையமா? போட்டுக் காட்டினாரா? எப்படி இருந்துச்சு? கூரைக் கண்ணாடி வழியா வெயில் இறங்கி, நடந்து போறவங்க காலடியில விழுமே, அந்த இடம் பார்த்தீங்களா? எனக்கும் அதுதான் ரொம்பப் பிடிச்சது.

அது இங்க ஓடினதுதான் மேடம். அதோ அந்த மூணாவது பெட்டியில எல்லாம் அப்படியே இருக்கு, வேணும்னா திறந்து காட்டறேன். இல்ல, அண்ணனுக்குத் தெரியாது. அவரு மெஷின் படுத்துட்டா அண்ணிதான் டிஸ்க்கைக் கைப்பையில போட்டுட்டு பின்பக்கப் படியில ஏறி வருவாங்க. வெளியில தெரிஞ்ச இடத்துல குடுத்து வாங்கினேன்னு அவருகிட்ட சொல்லிக்குவாங்க. அந்த விமான நிலையம் மட்டுமில்ல, அவரு சுவத்துல மாட்டி வச்சிருக்கற பெரிய கட்டிடம் அத்தனையும் இங்கதான். அவரு மானம் போயிடக் கூடாதுன்னு அண்ணி கையைப் பிடிச்சுக் கேட்டாங்க, நானும் கரண்டுக் காசை மட்டும் வாங்கிட்டு வாயைத் திறக்காம இருந்தேன். ஆனா என் உழைப்பையே போட்டுக் காட்டிட்டு என்னையே இரும்புங்கறாருன்னா வயிறு எரியுது மேடம். அண்ணி என்மேல வருத்தப்படுவாங்க. படட்டும், நான் பேசிக்கறேன்.

நீங்க நிதானமா யோசிச்சே முடிவு பண்ணுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. வேலையை அங்கேயே குடுத்தாலும் உங்க ஆஸ்பத்திரி எங்க அண்ணியோட கைப்பையில ஏறி, நான் எந்த ரூமுல இருந்தாலும் இந்தப் பெட்டிங்களுக்குத்தான் வரப்போகுது. பில்லுல யாரு பேரு இருக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.